மரகதம் அக்காவின் மஞ்சள்

மரகதம் அக்காவின் தம்பி பழனிச்சாமியின் போன் வந்தபோது நான் ஒரு பெண்ணின் தலையில் பாதிக்கு மேல் பிளீச் பூசி முடித்திருந்தேன். கையுறையைக் கழற்றாமல் முழங்கையால் போனைத் தட்டி ஸ்பீக்கரில் போட்டேன். "செல்விங்களா? அக்கா போயிருச்சுங்க. காலையில ஏழரைக்கு" என்றார். உடனே கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் பூசியதை அப்படியே விட்டுவிட்டுப் போனால் அந்தப் பெண்ணின் முடி கையோடு அறுந்து வந்துவிடும். மிச்சத்தையும் பூசி, நேரம் பார்த்து, கழுவி, துவட்டிவிட்டு, அதன் பிறகுதான் போனேன். கழுவிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் கண்ணை மூடியபடியே கேட்டாள்: "யாருக்கா? சொசைட்டியில பால் பாக்குற வெள்ளை அக்காவா?" ஆமாம் என்றேன்.

பால் சொசைட்டியில் அவருக்காகச் சிறு நினைவு மலர் ஒன்று போடுவதாகவும், நானும் எழுத வேண்டும் என்றும் கேட்டார்கள். இதைப் படிக்கப் போகிற நீங்கள் எல்லோரும் இந்தப் பெருமாட்டி ஊர்க்காரர்கள். பதினெட்டு வருடமாகக் காலையிலும் மாலையிலும் பால் கேனோடு அவர் முன்னால் வரிசையில் நின்றவர்கள். நான் பீர்மேட்டில் எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவரை உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு எனக்குத் தெரியாது. ஆனால் உங்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன்.

பிறவியிலேயே தோலிலும் முடியிலும் கண்ணிலும் நிறம் குறைந்து பிறந்தவர் மரகதம் அக்கா. பார்வையும் மங்கல். பாலின் அடர்த்தி பார்க்கும் லாக்டோமீட்டரை மூக்குக்கு அருகில் கொண்டுபோய்த்தான் படிப்பார். பாலை முகர்கிறாரா படிக்கிறாரா என்று ஆரம்பத்தில் கிண்டல் செய்தவர்கள் உண்டு. "கிட்டத்துல வெச்சுப் பாக்கறவளை ஏமாத்த முடியாதுங்க" என்பாராம். தண்ணீர் கலந்த பாலை அவர் கண்ணிலிருந்து மறைக்கவே முடியாது என்று நீங்களே பின்னாளில் சொன்னீர்கள். விடிவதற்குள் பாதி முடிந்துவிடும் வேலை என்பதால்தான் இதில் சேர்ந்ததாக என்னிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் அதற்கு முன்னால், சின்ன வயதில், கடலைக் காட்டில் களை எடுத்த வருடங்கள் இருந்தன. வீட்டில் எல்லோரும் வெயிலில் நிற்கும்போது ஒரு பிள்ளையை மட்டும் நிழலில் உட்கார வைக்க அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

அவருடைய தலைமுடி கருப்பு என்றுதான் நீங்கள் நினைத்திருந்தீர்கள். நானும் அப்படித்தான். பத்து வயதில் அவருடைய அம்மா பூச ஆரம்பித்த கருப்பு அது. அம்மா போன பிறகு தானே பூசிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் வெள்ளைக்காரியைச் சொல்வதுபோல "மதாம்மா" என்று கூப்பிடுவதை நிறுத்தத்தான் முதலில் பூசினார்கள். பிறகு மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருகிறார்கள் என்று பூசினார்கள். வந்தவர்கள் தலையைப் பார்க்காமல் வெளுத்த இமையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு ஏன் பூசினோம் என்று அவருக்கே தெரியவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாதம் என் பார்லருக்கு வந்தார். பார்லர் என்றால் எங்கள் வீட்டு முன்னறைதான், இரண்டு நாற்காலி. முழுக்கைச் சட்டை, குடை, கருப்புக் கண்ணாடி. கண்ணாடியைக் கழற்றியபோது இரண்டு கண்ணும் வீங்கி மூடிக் கிடந்தன. தலைக்குப் பூசும் மை ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டது. இனி ஒரு தடவை பூசினால் மூச்சடைக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"வளர வளர வெட்டிரலாம்க்கா. ஒரு வருசத்துல சுத்தமா போயிரும்" என்றேன்.

"ஏனம்மிணி, இடுப்பு வரைக்கும் இருக்குது. முப்பத்தஞ்சு வருசமா மூடி வெச்சது. வெட்டிப்போட்டா நான் எப்பத்தான் பாக்கறது?" என்றார். "நீ குமுளிப் பக்கம் ரிசார்ட்ல வெள்ளைக்காரிகளுக்கெல்லாம் பண்ணியிருக்கறயாமா. எனக்குக் கருப்பை எடுத்துக் குடு."

அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். எல்லோரும் என்னிடம் நரையை மறைக்கத்தான் வருவார்கள்.

கருப்பை எடுப்பது சுலபமில்லை என்று சொன்னேன். முதலில் சிவப்பாகும், பிறகு ஆரஞ்சு, பிறகு மஞ்சள். அந்த மஞ்சளில் வந்து பிடிவாதமாக நின்றுவிடும். ஒரே நாளில் செய்தால் முடி பொசுங்கிவிடும், மாதக்கணக்கில் போகும் என்றேன். "ஆவட்டும். எனக்கென்ன அவசரம்" என்றார். வீக்கம் வடிந்து தலை ஆறும்வரை காத்திருந்து ஆனி மாதம் ஆரம்பித்தோம். தோலில் படாமல் ஒரு விரல் தள்ளித்தான் பூசினேன். இதை ஏன் இத்தனை விவரமாகச் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

ஆடி மாதம் அவர் தலை செங்கல் நிறத்தில் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தத் தலையோடு ஒரு நாள்கூட லீவு போடாமல் சொசைட்டிக்கு வந்தார். வரிசையில் நின்ற ஒருவர், "ஏனுங் மரகதம், மாட்டுக் கொம்புக்கு அடிக்கற பெயிண்டுங்களா?" என்று கேட்டாராம். "ஆமாங்க. முட்ட வந்தா தூரத்துலயே தெரியோணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டு அவருடைய பாலில் லாக்டோமீட்டரைப் போட்டாராம். அன்று மாலை என்னிடம் வந்து இதைச் சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "எனக்கு நெறம் கம்மி, ரோசம் கம்மி இல்ல" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

புரட்டாசியில் ஆரஞ்சு போய் மஞ்சளுக்கு வந்தோம். பழுத்த வாழைத் தோலின் மஞ்சள். எத்தனை நல்ல துணி உடுத்தினாலும் தலையில் அழுக்கு ஒட்டியதுபோலக் காட்டும் மஞ்சள். அதை அடக்க ஊதா வேண்டும். மஞ்சளின் மேல் ஊதா மெல்லிசாக ஏறினால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கண்ணுக்கு வெளுப்பு மட்டும் தெரியும். பாலக்காட்டில் தேடிக் கிடைக்காமல் ஊதா ஷாம்பு தபாலில் வர ஏற்பாடு செய்தேன். வருவதற்குள் அவருக்குப் பொறுக்கவில்லை. துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை ஒரு பக்கெட்டில் கலந்து தலையை முக்கிவிட்டார். மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் என்ன ஆகும்? பாசி பிடித்த கயிறு மாதிரி பச்சையாகத் தொங்கவிட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"திட்டாதே. எருமை எதாச்சும் மேஞ்சு போடறதுக்குள்ள எடுத்துவுடு" என்றார்.

திட்டத்தான் செய்தேன். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து அதைக் கழுவினோம்.

எங்கள் பக்கத்துப் போர்வெல் தண்ணீர் இன்னொரு எதிரி. பக்கெட்டின் அடியில் பழுப்பாகப் படியும் தண்ணீர். அதில் இரண்டு முறை தலை குளித்தால் அடக்கி வைத்த மஞ்சள் எழுந்து வந்துவிடும். பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் விடுகிற நாளில் இரண்டு குடம் தலைக்கென்று தனியாகப் பிடித்து மூடி வைத்தார். வாரம் ஒரு தடவை ஊதா. ஐந்து நிமிடம், அதற்கு மேல் ஒரு நிமிடம் விட்டால் கத்திரிப்பூ நிறம் ஏறிவிடும். வீட்டிலேயே அவராகச் செய்துகொள்ளப் பழகினார். கண் சரியாகத் தெரியாததால் கடிகாரம் பார்க்காமல் வாய்விட்டு எண்ணுவார். முந்நூறு எண்ணியதும் கழுவிவிடுவார்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது கூடி வந்தது. காய்ச்சிய பாலில் படியும் ஆடையின் நிறம். உச்சியில் மட்டும், மையை நிறுத்திய பிறகு முளைத்த நான்கு விரல் நீளம் லேசான மஞ்சளாக இருந்தது. எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று அங்கேயும் ஊதாவைத் தடவப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அதை விட்டுரு."

"மஞ்சளா இருக்குக்கா. கீழ இருக்கிறதோட சேரல."

"கீழ இருக்கறது உன்ற பிளீச்சுப் பௌடர்ல வந்த மஞ்சளு, அதை எடு. மேல இருக்கறது நான்."

அந்தக் கணம் எனக்கு வெட்கமாக இருந்தது. இருபது வருடத் தொழிலில் எத்தனையோ தலைகளைப் பார்த்திருக்கிறேன், எடுக்க வேண்டிய நிறம் எது என்று மட்டும்தான் கற்றுக்கொண்டிருந்தேன். அவரை வாசலுக்குக் கூட்டிப்போய், வெயில் ஏறுவதற்கு முன், என் போனில் ஒரு படம் எடுத்தேன். பின்னலைத் தூக்கி முன்னால் போட்டுக்கொண்டு பல் தெரியச் சிரித்தார்.

இனி, உங்களுக்குத் தெரியாதது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய மாதம், ஐப்பசியில், அவர் தலையைச் சீவும்போது வலது காதுக்குப் பின்னால் ஒரு புண் பார்த்தேன். பட்டாணி அளவு, மேலே பொருக்கு. "என்னதும்மிணி?" என்று கேட்டார். பிளீச் பௌடர் தெறித்துப் பட்ட புண் என்று நினைத்தேன். ஒரு விரல் தள்ளிப் பூசியும் எங்கேயோ கை தவறிவிட்டது என்று பயந்தேன். "பிளீச் பட்ருக்குக்கா. ஆறிரும்" என்றேன். கற்றாழைச் சோறு எடுத்துப் பூசிவிட்டேன்.

ஆறவில்லை. வாரா வாரம் பூசினேன். மருந்துக் கடையில் ஆயின்ட்மென்ட் வாங்கி வந்து பூசினேன். பொருக்கு உதிரும், மறுபடி கட்டும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அகலமாகக் கட்டும். எங்கள் தொழிலில் பிளீச் பட்ட காயம் பத்து நாளில் ஆற வேண்டும், ஆறாவிட்டால் அது வேறு ஏதோ என்று ரிசார்ட்டில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தை மாதத்திலேயே எனக்கு அது நினைவுக்கு வந்தது. வந்ததைத் தள்ளி வைத்தேன். பார்லர்க்காரி தலையைப் பொசுக்கிவிட்டாள் என்று ஊரில் பேச்சு வந்தால் அந்த இரண்டு நாற்காலியும் காலியாகிவிடும். டாக்டரிடம் போங்கள் என்று நான் சொல்லவில்லை.

உங்களில் யாரோ கேட்டபோது "சீப்புப் பட்டுருச்சுங்க" என்று சொன்னாராமே, அது பொய். எனக்காகச் சொன்ன பொய். என் பேர் கெட்டுவிடக்கூடாது என்று முடியை அந்தப் பக்கம் இழுத்துவிட்டுப் பின்னிக்கொண்டார்.

வைகாசியில் ஒரு நாள் காலை, தலையணை உறையைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். விரித்துக் காட்டினார். ரத்தம். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகோணும். நீயும் வா. பழனிச்சாமிகிட்ட அப்பறமா சொல்லிக்கலாம்" என்றார்.

தோல் டாக்டர் மலையாளி, வயதானவர். காதை மடக்கி லைட் அடித்துப் பார்த்தார். கழுத்தில் விரல் வைத்து அமுக்கி அமுக்கிப் பார்த்தார். அங்கே ஒரு கட்டி இருந்தது. "எத்ர நாளாயி?" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார். "ரெண்டு மாசமுங்க" என்றார்.

ஐப்பசியிலிருந்து வைகாசி, ஏழு மாதம். நான் வாயைத் திறக்கவில்லை.

சதை எடுத்துப் பரிசோதித்துப் பத்து நாளில் முடிவு சொன்னார். புற்று. பிளீச் காரணமா என்று நான்தான் கேட்டேன். "பிளீச்சா? இல்லை. இது வெயில். சின்ன வயசுல கொண்ட வெயில்" என்றார். ஒரு கணம், அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரே ஒரு கணம், எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். அடுத்து அவர் சொன்னார்: "பட்டாணி அளவுல வந்திருந்தா நானே இந்த ரூமிலேயே வெட்டி எடுத்துத் தையல் போட்டு அனுப்பியிருப்பேன்."

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். பெரிய ஆஸ்பத்திரி, காதோடு சேர்த்து ஆபரேஷன், கழுத்தில் ஆபரேஷன், முப்பது நாள் கதிர்வீச்சுக் கரண்ட். அடுத்த ஐப்பசியில் கொஞ்சம் தேறினார். சொசைட்டிக்கு வந்து ஒரு வாரம் உட்கார்ந்தார். நீங்கள் மாலை போடாத குறையாகக் கொண்டாடினீர்கள். மார்கழியில் நெஞ்சுக்குப் பரவிவிட்டது என்றார்கள். தை முழுக்க வீட்டில் படுத்திருந்தார்.

கடைசியாகப் போனபோது அவர் அறையில் ஜன்னல் சாத்தியிருந்தது. பழனிச்சாமி வெளியே போகட்டும் என்று காத்திருந்து சொன்னேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள் எதுவும் வரவில்லை.

"நான்தான்க்கா பிளீச் புண்ணுன்னு சொன்னேன். தையிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருச்சு. சொல்லல."

தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"தெரியும்" என்றார். "எனக்குந்தான் சந்தேகம். ஆறிரும்னு நீ சொன்னே, நம்பறதுக்கு நல்லா இருந்துச்சு. நம்பிட்டேன்."

"என்னை மன்னிச்சிருங்கக்கா."

"அதையெல்லாம் இப்பக் கேக்காதே அம்மிணி. எனக்கு வலிக்குது." கண்ணை மூடிக்கொண்டார். கோபமாகச் சொல்லவில்லை. வலிக்கிறது என்பதைத்தான் சொன்னார். கொஞ்சம் கழித்து, ஆபரேஷனுக்கு மழித்த தலையில் இடது பக்கம் புதிதாக முளைத்திருந்த விரல் நீள முடியைத் தடவிக்கொண்டு, "என்ன நெறத்துல மொளைக்குது, பாத்துச் சொல்லு" என்றார்.

குனிந்து பார்த்தேன். "உங்க நெறத்துலதான்க்கா" என்றேன். தலையை ஆட்டினார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருப்பார் என்று நானாகவும் நினைத்துக்கொள்ளப் போவதில்லை.

அடக்கத்தன்று முக்கில் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அடையாள அட்டைக்காக எப்போதோ எடுத்த படம். கருகருவென்ற தலை, இறுக்கி மூடிய வாய். பழனிச்சாமியைத் தனியே கூப்பிட்டு என் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். இதைப் போடலாமே என்றேன். அவர் வெகு நேரம் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். "வேண்டாமுங்க" என்றார். "இதுல அக்கா சிரிக்குது. சாவு ஃப்ளெக்ஸ்ல இதை நான் எப்படிங்க பாக்கறது?" அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கருப்புத் தலையோடுதான் பதினாறு நாளும் அவர் முக்கில் நின்றார்.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் தலையை மழிக்க வேண்டும் என்றார்கள். வேறு யாரும் வேண்டாம், செல்வி செய்யட்டும் என்றார் அக்கா. வார்டில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்துப் பின்னலை அடியோடு வெட்டினேன். "இதை யாருக்காச்சும் குடுத்துரு. முடி இல்லாத நோயாளிகளுக்கு விக் பண்றாங்களாமா" என்றார். விசாரித்தேன். பிளீச் செய்த முடியை எடுப்பதில்லை என்றார்கள். கொடுத்துவிட்டதாக அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

அந்தப் பின்னல் என் பீரோவில் ஒரு பழைய துணியில் சுற்றி இருக்கிறது. நேற்று எடுத்துப் பார்த்தேன். ஊதா நிலைக்காது, எட்டு மாதத்தில் முழுக்கப் போய்விட்டது. நாங்கள் இரண்டு குடம் நல்ல தண்ணீரும் முந்நூறு எண்ணிக்கையுமாக அத்தனை வாரம் அடக்கி வைத்த மஞ்சள் திரும்ப வந்துவிட்டது. மேலே ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக அவருடைய மஞ்சள். கீழே என்னுடையது. துணியோடு ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பிடித்தால்தான் இரண்டுக்கும் நடுவில் கோடு தெரிகிறது.

மரகதம் அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பின்னலும் அந்த ஏழு மாதமும். பின்னலைப் பழனிச்சாமி கேட்டால் கொடுத்துவிடுவேன். மற்றது என்னோடு இருக்கும்.